போர்த் திரைப்படங்களில் மெய்ப்பாடு: மூன்று சோவியத் படங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

போர்த் திரைப்படங்களைப் பாராட்டும்போது அவற்றின் மனித உணர்வுகளைச் சுட்டி, அவை போருக்கு எதிரானவை என்று முடிவு செய்வது வழக்கமாக உள்ளது. உணர்ச்சி இருப்பது மட்டுமே ஒரு படத்தைப் போருக்கு எதிரானதாக ஆக்கிவிடாது என்பதும், எவ்வுணர்ச்சி, எதன் நிலைக்களனாக, யாருடைய உடலில் தோன்றுகிறது என்பதைப் பகுத்துப் பார்த்த பின்னரே அம்முடிவுக்கு வரவியலும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். ‘நாரைகள் பறக்கின்றன’ (1957), ‘போர்வீரனின் கதைப்பாடல்’ (1959), ‘வந்து பார்’ (1985) ஆகிய மூன்று சோவியத் படங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நிலைக்களன் பகுப்பு ஆய்வுக் கருவியாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: போர்த் திரைப்படம், மெய்ப்பாடு, நிலைக்களன், சோவியத் திரைப்படம், இழவு, கொடை, வெகுளி

முன்னுரை

இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியம் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் மக்களை இழந்தது. இவ்வளவு பெரிய இழப்பைக் கண்ட நாட்டில் போர்த் திரைப்படம் பொழுதுபோக்கு வகைகளுள் ஒன்றாக மட்டும் இருந்திருக்க இயலாது. அரசுக்கு அது வெற்றியின் வரலாறு. மக்களுக்கோ வீடு திரும்பாதவர்களின் நினைவு. ஸ்தாலின் காலத்தின் இறுதி ஆண்டுகளில் முதலாவது நோக்கமே திரையில் மேலோங்கியிருந்தது. தலைவரின் திட்டமும் படைகளின் நகர்வும் வெற்றியின் பெருமிதமும் அப்படங்களின் உள்ளடக்கமாயின. 1956ஆம் ஆண்டின் 20ஆம் கட்சி மாநாட்டுக்குப் பின்னர் ஏற்பட்ட தளர்வில்தான் தனிமனிதனின் துயரம் திரையின் நடுவிடத்திற்கு வந்தது.

இம்மாற்றத்தை ‘மனிதநேயம்’ என்னும் ஒற்றைச் சொல்லால் குறிப்பது எளிது. ஆயின் அச்சொல் விளக்கத்தைத் தொடங்கி வைப்பதற்கு மாறாக முடித்துவிடுகிறது. தாய் அழுகிறாள், காதலி காத்திருக்கிறாள், சிறுவன் அஞ்சுகிறான்; எனவே இப்படம் மனிதநேயமிக்கது, மனிதநேயமிக்கதாதலின் போருக்கு எதிரானது என்று வாதம் செல்கிறது. போரை வேண்டும் படங்களிலும் தாய் அழுகிறாள் என்பதை இவ்வாதம் கருத்திற்கொள்வதில்லை. தாயின் கண்ணீரைக் காட்டி மகனைப் பழிவாங்க அனுப்பும் படங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. ஆகவே கண்ணீர் உள்ளதா என்பதைவிட அக்கண்ணீர் எங்குக் கொண்டு செலுத்தப்படுகிறது என்பதே திறனாய்வின் வினாவாக இருத்தல் வேண்டும்.

கருவியும் அதன் எல்லையும்

உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுதலே மெய்ப்பாடு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. இப்பகுப்பில் திரைப்பட ஆய்வுக்குப் பயன்படும் கூறு, உணர்ச்சியின் பெயரைக் காட்டிலும் அது பிறக்கும் இடத்திற்குத் தரப்படும் முதன்மையாகும். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கிலிருந்து தோன்றும். பெருமிதம் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றிலிருந்தும், வெகுளி உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகியவற்றிலிருந்தும் தோன்றும். ஒரே அழுகை வெவ்வேறு நிலைக்களன்களில் வெவ்வேறு பொருள் தருகிறது. உறவினரை இழந்து அழுபவரும் பிறரால் இகழப்பட்டு அழுபவரும் திரையில் ஒரே முகத்தைக் காட்டலாம். அவர்தம் அழுகை பார்வையாளரிடம் வேண்டுவது ஒன்றன்று.

இலக்கியத்திற்கென வகுக்கப்பட்ட இலக்கணத்தை வேற்று நாட்டுத் திரைப்படங்களின்மேல் ஏற்றுவதில் இடர் உண்டு. படங்கள் அனைத்தும் இலக்கணத்திற்கு எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடக்கூடும். எனவே இப்பகுப்பு இங்கு வினாக்களை எழுப்பும் கருவியாக மட்டும் கொள்ளப்படுகிறது. படம் பகுப்புக்குள் அடங்காத இடங்களும் சுட்டப்படுகின்றன. இக்கட்டுரையாளர் ருசிய மொழி அறியாதவர். துணையுரைகளின் வழியே படங்களைக் கண்டவர். ஆதலின் உரையாடலின் சொல்நயத்தை விடுத்து, நிகழ்ச்சி அமைப்பு, நடிப்பு, ஒளிப்பதிவு, ஒலி ஆகியவற்றின்மீதே வாதம் அமைக்கப்பட்டுள்ளது.

இழவும் இளிவும்: ‘நாரைகள் பறக்கின்றன’

விக்தர் ரோசவின் நாடகத்தைத் தழுவி மிகயில் கலத்தோசவ் இயக்கிய இப்படம் 1958ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்றது. மாஸ்கோவில் வாழும் வெரோனிகாவும் போரிசும் காதலர்கள். போர் தொடங்கியதும் போரிஸ் தானே முன்வந்து படையில் சேர்கிறான். வழியனுப்ப வந்த வெரோனிகா கூட்டத்தில் அவனைக் காண இயலாமல் நிற்கிறாள். அவள் எறிந்த பொட்டலம் அணிவகுத்துச் செல்வோரின் காலடியில் மிதிபடுகிறது. வான்தாக்குதலில் பெற்றோரையும் வீட்டையும் இழந்து போரிசின் குடும்பத்தில் அடைக்கலம் புகுகிறாள். அங்கு மற்றொரு தாக்குதல் இரவில் போரிசின் உறவினனான மார்க் அவள்மீது வன்முறையாக நெருங்குகிறான். அவனையே அவள் மணக்க நேர்கிறது. போரிஸ் முன்னதாகவே ஒரு சதுப்புக் காட்டில் சுடப்பட்டு இறந்துவிட்டான். அவளுக்கு அது தெரியாது.

இறந்தவனுக்காகக் காத்திருக்கும் காதலி என்பது போர்க்கதைகளில் பழகிய உருவம். அவள் அழுகை இழவில் பிறப்பது. அதில் குற்றமில்லை, ஐயமில்லை. நாடு அவ்வழுகையைத் தன் அழுகையாக ஏற்றுக்கொள்ளும். வெரோனிகாவோ காத்திருக்கத் தவறியவளாக ஊராரால் கருதப்படுபவள். அவள் துயரில் இழவோடு இளிவும் கலந்துள்ளது. இவ்விரண்டும் மோதும் இடம் மருத்துவமனைக் காட்சி. காயமுற்ற வீரன் ஒருவன், தன் காதலி வேறொருவனை மணந்துவிட்டாள் என்றறிந்து கதறுகிறான். அவனைத் தேற்ற வரும் மருத்துவர், போரிசின் தந்தை, அத்தகைய பெண்களை எல்லோர் முன்னும் கடுமையாகப் பழிக்கிறார். வார்டு முழுவதும் அதை ஆமோதிக்கிறது. அங்குச் செவிலிப் பணியில் நிற்கும் வெரோனிகாவின் முகத்தையே படம் நமக்குக் காட்டுகிறது.

அக்காட்சியில் மருத்துவர் சொல்வது பொய்யன்று. வீரனின் வலியும் உண்மை. ஆயினும் அவ்வுண்மை எவர்மீது விழுகிறது என்பதைப் பார்வையாளர் மட்டுமே அறிவார். அவள் அங்கிருந்து வெளியேறித் தொடர்வண்டிப் பாதையை நோக்கி ஓடும்போது, செர்கேய் உருசேவ்ஸ்கியின் ஒளிப்பதிவுக் கருவி அவளுடன் சேர்ந்து ஓடுகிறது. மரங்களும் வேலியும் உருத்தெரியாமல் சிதறுகின்றன. தற்கொலையின் விளிம்பில் இருப்பவளை வெளியே நின்று மதிப்பிட இயலாதவாறு பார்வையாளரின் கண்ணும் அவளது மூச்சின் வேகத்திற்குக் கட்டுப்படுகிறது. ஒளிப்பதிவின் புதுமை என்று பெரிதும் பேசப்படும் இக்கூறு, தீர்ப்பு வழங்கும் தொலைவைப் பார்வையாளரிடமிருந்து பறிக்கும் அறச்செயலாகவும் உள்ளது.

இதே படத்தில் அரசின் சொல்லாடலுக்கும் வீட்டின் சொல்லாடலுக்கும் இடையிலான விரிசலும் காட்டப்படுகிறது. போரிசை வழியனுப்பத் தொழிற்சாலையிலிருந்து வரும் இளம்பெண்கள் வழக்கமான வீரவுரையைத் தொடங்கியதும் தந்தை இடைமறித்து, அவர்கள் சொல்லப்போவதைத் தாமே கேலியாகச் சொல்லி முடிக்கிறார். பொதுச்சொற்கள் அவ்வீட்டு மேசையில் செல்லுபடியாவதில்லை. ஆனால் படத்தின் இறுதியில் நிலை மாறுகிறது. வெற்றியுடன் திரும்பும் வீரர்களைச் சுமந்த வண்டி வந்து நிற்கிறது. போரிஸ் இறந்தது உறுதியாகிறது. அவன் நண்பன் கூட்டத்தினரிடம் உரையாற்றுகிறான். வெரோனிகா தன் கையிலிருந்த மலர்களை அறியாதவர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறாள். இளிவால் தனித்து நின்றவள் கூட்டத்தில் மீண்டும் சேர்க்கப்படுகிறாள். இது ஆறுதல்தான். எனினும் அவளைத் தனிமைப்படுத்திய அதே சமூகம் தன் தவற்றை உணராமலேயே அவளை ஏற்றுக்கொள்கிறது என்பதும் கவனத்திற்குரியது. படம் எழுப்பிய வினாவை அதன் முடிவு முழுமையாகச் சந்திக்கவில்லை.

தறுகணிலிருந்து கொடைக்கு: ‘போர்வீரனின் கதைப்பாடல்’

கிரிகோரி சுக்ராய் போர்க்களத்தில் பணியாற்றிக் காயமுற்றவர். அவர் இயக்கிய இப்படத்தின் தொடக்கத்தில் ஒரு தாய் ஊரெல்லையில் நின்று சாலையைப் பார்க்கிறாள். அவள் மகன் தொலைவில் வேற்று மண்ணில் புதைக்கப்பட்டான் என்பதை உரைஞர் முதலிலேயே கூறிவிடுகிறார். மகன் பிழைப்பானா என்னும் எதிர்பார்ப்புக்கு இனி இடமில்லை. அவன் வாழ்ந்த சில நாள்களை எவ்வாறு செலவிட்டான் என்பது மட்டுமே கதை.

அலியோஷா 19 வயதுச் செய்தித் தொடர்பு வீரன். பீரங்கி வண்டி ஒன்று அவனைத் துரத்த, ஒளிப்பதிவுக் கருவி தலைகீழாகச் சுழல்கிறது. தப்பிக்க வழியின்றிச் சுட்டு இரண்டு வண்டிகளை அழிக்கிறான். அஞ்சியே அதைச் செய்ததாகத் தளபதியிடம் ஒப்புக்கொள்கிறான். பதக்கத்திற்கு ஈடாக, தாயைக் கண்டு வீட்டுக் கூரையைச் செப்பனிட்டு வர விடுப்புக் கேட்கிறான். போக 2 நாள், வர 2 நாள், கூரை வேலைக்கு 2 நாள் என 6 நாள்கள் கிடைக்கின்றன. போர்ப்படங்களின் பெருமிதம் வழக்கமாகப் பிறக்கும் தறுகண் என்னும் நிலைக்களனைப் படம் முதல் காட்சியிலேயே கடந்துவிடுகிறது. வீரச்செயலை அச்சத்தோடு பிணைத்துக் காட்டியபின் அதை மீண்டும் தொடுவதில்லை.

எஞ்சிய படம் முழுவதும் அந்த 6 நாள்கள் கரைவதன் வரலாறு. ஒரு காலை இழந்து மனைவியிடம் திரும்ப அஞ்சும் வீரனுக்குத் துணைநின்று, அவள் வந்து அவனை அணைத்துக்கொள்ளும் வரை காத்திருக்கிறான். சரக்கு வண்டியில் உடன்வரும் ஷூரா என்னும் பெண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சென்று வண்டியைத் தவறவிடுகிறான். வழியில் கண்ட வீரர்கள் தந்தனுப்பிய 2 சோப்புக் கட்டிகளைச் சேர்க்கவேண்டிய வீட்டைத் தேடி அலைகிறான். வண்டி குண்டுவீச்சில் சிக்குகிறது. முடிவில் தாயிடம் இருக்கச் சில நிமிடங்களே மிஞ்சுகின்றன. அவன் வழங்கியது பொருளன்று, காலம். அதிலும் தன் வாழ்நாளின் கடைசிப் பகுதி. பெருமிதத்தின் நிலைக்களன் தறுகணிலிருந்து கொடைக்கு இடம்பெயர்வதே இப்படத்தின் அடிப்படை அமைப்பு என இக்கட்டுரை கருதுகிறது. கொடுத்தவனுக்குத் தான் கொடுத்ததன் அளவு தெரியாது. அது பார்வையாளருக்குத் தொடக்கத்திலேயே தெரியும். துயரம் இவ்விரண்டு அறிவுகளுக்கும் இடைப்பட்ட தொலைவில் பிறக்கிறது. தாய் வயல்களின் ஊடே ஓடிவரும் காட்சியின் ஆற்றலுக்கு இதுவே காரணம்.

எனினும் இப்படத்தின் அன்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் பகிரப்படவில்லை. சோப்புக் கட்டிகள் சென்றடையும் வீட்டில் அவ்வீரனின் மனைவி வேறொருவனுடன் வாழ்வதை அலியோஷா காண்கிறான். கொடுத்த சோப்பைத் திரும்ப எடுத்துச்சென்று, முகாமில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் வீரனின் தந்தையிடம் தருகிறான். ஒருவருக்கு அளித்ததை மீட்டுக்கொள்ளும் இடம் படத்தில் இது ஒன்றே. அப்பெண்ணுக்குச் சில நிமிடங்களுக்கு மேல் திரையில் இடமில்லை. அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பாருமில்லை. ஈராண்டு முன்னர் வெளிவந்த படமோ இதே நிலையிலுள்ள ஒரு பெண்ணுக்குத் தன் நேரம் முழுவதையும் அளித்திருந்தது. இரு படங்களையும் அருகருகே வைத்தால், ‘மனித உணர்வு’ என்பது யாருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்பது தெளிவாகிறது. கொடையை அறமாகக் கொண்ட படத்திலும் கொடைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் ஒருவர் உண்டு.

வெகுளியின் எல்லை: ‘வந்து பார்’

எலெம் கிளீமவின் ‘வந்து பார்’ 1985ஆம் ஆண்டு மாஸ்கோ திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. திரைக்கதையைக் கிளீமவுடன் இணைந்து எழுதிய அலேஸ் அதமோவிச், எரிக்கப்பட்ட பெலருஸ் ஊர்களில் உயிர்தப்பியவர்களின் வாய்மொழிகளைத் தொகுத்தவர்களுள் ஒருவர். 1943 மார்ச் 22 அன்று காத்தின் என்னும் ஊரில் 149 பேர் கொல்லப்பட்டனர். மக்கள் ஒரு களஞ்சியத்துள் அடைக்கப்பட்டு எரிக்கப்பட்டனர். இத்தகைய நிகழ்ச்சிகளே படத்தின் மையப்பகுதிக்கு அடிப்படை.

மணலில் புதைந்த துப்பாக்கியைத் தோண்டியெடுத்துக் காட்டுப் போராளிகளுடன் சேரும் சிறுவன் ஃபிளியோராவின் கதை இது. முன்னைய இரு படங்களிலும் உணர்ச்சி அழுகையாக வெளிப்பட்டுப் பார்வையாளருக்கு ஓரளவு தணிவைத் தந்தது. கிளீமவ் அத்தணிவை மறுக்கிறார். ஃபிளியோரா தன் ஊருக்குத் திரும்பும் காட்சி இதற்குச் சான்று. வீட்டில் எவருமில்லை, அடுப்பிலுள்ள உணவு இன்னும் சூடாக இருக்கிறது, ஈக்கள் மொய்க்கும் ஒலி கேட்கிறது. குடும்பத்தார் எங்கோ ஒளிந்திருப்பதாக எண்ணி அவன் ஓடுகிறான். உடன்வந்த கிளாஷா மட்டும் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டின் பின்புறம் உடல்கள் குவிந்து கிடக்கின்றன. நாமும் ஒரு கணமே காண்கிறோம். இழவு நிகழ்ந்துவிட்டது; அதை அறிந்து அழவேண்டியவன் அறியவில்லை. குண்டுவீச்சுக்குப் பிறகு அவன் செவியில் நிலைக்கும் இரைச்சலையே படம் நமக்கும் கேட்கச் செய்வதால், பிறர் ஆறுதல் சொல்லும் குரலும் அவனைச் சேர்வதில்லை.

மெய்ப்பாடு என்னும் சொல்லின் முதற்பொருள் இப்படத்தில் புதிய அழுத்தம் பெறுகிறது. அலெக்சேய் கிராவ்சென்கோவின் முகம் சில நாள் கதைக்குள் சுருக்கங்கள் விழுந்து முதியவரின் முகமாகிறது. அவன் பேசுவது குறைவு. பல இடங்களில் ஒளிப்பதிவுக் கருவியை நேராக நோக்குகிறான். அம்முகத்தில் எழுதப்படுவது எந்த ஒரு மெய்ப்பாடு என்று பெயரிடுவது கடினம். அச்சத்தின் நிலைக்களன்களாகக் கூறப்படும் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கினுள் ஊரை மக்களோடு எரித்துவிட்டுச் சிரித்தபடி நிழற்படம் எடுத்துக்கொள்ளும் படையினரை எங்குச் சேர்ப்பது? பகுப்பு இங்குத் தன் எல்லையைக் காண்கிறது. அவ்வெல்லையைக் காட்டுவதும் கருவியின் பயனே.

படத்தின் இறுதி வெகுளியைப் பற்றியது. குடிகோள், கொலை என்னும் நிலைக்களன்கள் இரண்டும் முழுமையாக நிறைந்த நிலையில் ஃபிளியோராவின் கையில் துப்பாக்கி உள்ளது. படம் முழுவதும் அவன் அதைச் சுடவில்லை. சேற்றில் கிடக்கும் ஹிட்லரின் உருவப்படத்தை இப்போது சுடத் தொடங்குகிறான். ஒவ்வொரு சூட்டுக்கும் ஆவணப்படக் காட்சிகள் பின்னோக்கி ஓடுகின்றன, குண்டுகள் விமானங்களுக்குத் திரும்புகின்றன, இடிந்த கட்டடங்கள் எழுகின்றன, அணிவகுப்புகள் கலைகின்றன. ஹிட்லர் இளைஞனாகி, சிறுவனாகி, முடிவில் தாயின் மடியில் குழந்தையாக அமர்ந்திருக்கும் நிழற்படம் வந்து நிற்கிறது. ஃபிளியோரா சுடுவதை நிறுத்திவிடுகிறான்.

இக்காட்சியை மன்னிப்பு எனக் கொள்வது பொருந்தாது. சற்று முன்னர்தான் பிடிபட்ட எதிரிகளைப் போராளிகள் சுட்டுக் கொன்றனர். ஃபிளியோராவும் இதன்பின் துப்பாக்கியைத் தோளிலிட்டுப் படையோடு சேர்ந்து நடக்கிறான். சில இனங்களுக்கு வாழும் உரிமையில்லை என்றும் குழந்தைகளிலிருந்தே எல்லாம் தொடங்குகிறது என்றும் பிடிபட்ட எதிரி அதிகாரி சற்றுமுன் வெளிப்படையாகக் கூறியிருந்தான். குழந்தையைச் சுட்டால் அக்கூற்றைச் சிறுவன் ஏற்றவனாவான். வெகுளிக்கு அவனினும் உரிமையுடையவர் எவருமில்லை. அவ்வுரிமைக்கும் ஓர் எல்லையை அவன் உடலே கண்டடைகிறது. தாய் அழுதால் மகன் பழிவாங்குவான் என்னும் பழைய போர்க்கதையின் வாய்பாட்டை, பகைவனின் தாயைக் கடைசி உருவமாகக் கொண்டு இப்படம் உடைக்கிறது.

பெலருசில் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட ஊர்கள் 628 என்னும் செய்தி படத்தின் முடிவில் திரையில் எழுதப்படுகிறது. ஒரு முகத்தைப் பார்த்து முடித்த கண் உடனே ஓர் எண்ணைப் படிக்க நேர்கிறது. எண்ணை உணர இயலாது. முகத்தை எண்ணால் பெருக்கவும் இயலாது. இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதோடு இயக்குநர் நின்றுவிடுகிறார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. மூன்று படங்களும் மனித உணர்வை முதன்மைப்படுத்துகின்றன. ஆயினும் அவற்றின் நிலைக்களன்கள் வேறு. முதலாவதில் இழவோடு இளிவு கலந்த அழுகையும், இரண்டாவதில் கொடையிற் பிறந்த பெருமிதமும், மூன்றாவதில் எல்லை கண்ட வெகுளியும் மையமாகின்றன.

2. உணர்ச்சியின் அளவைவிட அதன் பகிர்வே ஒரு படத்தின் அறநிலையைக் காட்டுகிறது. வெரோனிகாவுக்குக் கிடைத்த இடம் ‘போர்வீரனின் கதைப்பாடல்’ படத்தின் அப்பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. மிக மென்மையான படமும் தன் பரிவிலிருந்து எவரையேனும் விலக்கியிருக்கக்கூடும்.

3. துயரைப் பொதுநலத்தோடு இணைத்து ஆற்றுப்படுத்தும் முடிவுகள், அத்துயருக்குச் சமூகமும் காரணமான இடங்களை மறைத்துவிடுகின்றன. 1957ஆம் ஆண்டுப் படம் இவ்விணைப்பை நாடுகிறது. 1985ஆம் ஆண்டுப் படம் அதைத் தவிர்க்கிறது.

4. மெய்ப்பாட்டியலின் நிலைக்களன் பகுப்பு வேற்றுமொழித் திரைப்படங்களையும் நுணுகி வினவத் துணைசெய்கிறது. மாந்தரை இனமாக அழித்தொழிக்கும் வன்முறைக்கு முன் அப்பகுப்பு போதாமற்போகும் இடமும் உண்டு.

போர்த் திரைப்படம் பார்த்து அழுதவர், தாம் போரை வெறுப்பவர் என்று தம்மைப் பற்றி நம்பிவிடுவது எளிது. அந்நம்பிக்கையைச் சோதிக்கும் ஒரு வினாவை இம்மூன்று படங்களும் விட்டுச்செல்கின்றன. தனக்குரியவருக்காக அழுத கண், தன்னால் பழிக்கப்பட்டவளையும் பகைவனின் மடிக்குழந்தையையும் எவ்வாறு நோக்குகிறது என்பதே அது. திறனாய்வு தன் பணியைத் தொடங்கவேண்டிய இடமும் அதுவே.